மாலையில் விழும் பிஜிபி, பனியில் விழும் மலை லிங்க்: ரவுட்டரை மாற்றினால் தீருமா?

சேலத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சிறிய இன்டர்நெட் நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் இது. பெயர்களையும் ஏரியாவையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கங்கள் என்னுடையவை.

"ஊருக்குள் ஃபைபர் இணைப்பு கொடுக்கிறோம். சொந்த ஏஎஸ் எண்ணும் (இன்டர்நெட்டில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) ஒரு /24 முகவரித் தொகுதியும் (256 ஐபி முகவரிகள்) இருக்கின்றன. இரண்டு அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இன்டர்நெட் தரும் கம்பெனிகள்). முதல் கம்பெனியிடம் 2 ஜிபிபிஎஸ், 10ஜி போர்ட்டில் வருகிறது. இரண்டாவது கம்பெனி பேக்கப்புக்கு. பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் முறை), பிபிபிஓஇ (வாடிக்கையாளர் உள்ளே வரும் லாகின்), நாட் (பல வீடுகள் பொது முகவரியைப் பகிரும் முறை) எல்லாம் ஒரே மைக்ரோடிக் ரவுட்டரில் ஓடுகின்றன. முதல் கம்பெனியுடனான பிஜிபி செஷன் இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் நாலைந்து தடவை விழுகிறது. எங்கள் ரவுட்டர் லாகில் (நிகழ்வுப் பதிவில்) 'ஹோல்டு டைமர் எக்ஸ்பயர்டு' (குறித்த நேரத்துக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை) என்று வருகிறது. சீக்கிரம் மாறட்டும் என்று தம்பி அந்த செஷனுக்கு மட்டும் ஹோல்டு டைமை 180-லிருந்து 9 விநாடியாகக் குறைத்தான். அதற்குப் பிறகு இன்னும் அதிகமாக விழுகிறது. கரண்ட் போய் வந்தால் எல்லா செஷனும் சேர்ந்து விழுகின்றன. ஏற்காட்டில் இரண்டு ரிசார்ட், ஒரு எஸ்டேட் ஆபீஸுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க் வைத்திருக்கிறோம், ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதில் ஓஎஸ்பிஎஃப் (எங்கள் ரவுட்டர்களுக்குள் வழி சொல்லும் முறை), 100 மில்லி விநாடி பிஎஃப்டி (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிப்பது). ஐப்பசி தொடங்கிவிட்டால் காலைப் பனியில் லிங்க் நிற்பதே இல்லை. பிரச்சினை வராமலிருக்க தினமும் அதிகாலை 4 மணிக்கு ரவுட்டரை ரீபூட் செய்கிறோம். நான்கு லட்சத்தில் புது ரவுட்டர் வாங்கலாமா? முதல் கம்பெனியின் ஒரு வருட ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாமா? பனிக்கு என்ன செய்வது?"

அன்புள்ள நண்பருக்கு,

ரவுட்டரையும் வாங்க வேண்டாம், ஒப்பந்தத்தையும் முறிக்க வேண்டாம். இரண்டையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். நீங்கள் ஒரே நோய் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். படித்த வரையில் இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். மாலையில் விழுவது ஒன்று, கரண்ட் போய் வந்தால் விழுவது வேறு, மலை லிங்க் மூன்றாவது. புது ரவுட்டர் இவற்றில் இரண்டாவதைக் கொஞ்சம் மறைக்கும், மற்ற இரண்டையும் தொடக்கூட தொடாது.

முதல் வேலையாக இன்று இரவே அந்த 4 மணி ரீபூட்டை நிறுத்துங்கள். மைக்ரோடிக் லாக் இயல்பாக ராமில்தான் எழுதப்படுகிறது. நீங்கள் தினமும் ரீபூட் செய்து முந்தின இரவின் ஆதாரத்தை நீங்களே அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். பழைய கணினி ஒன்றில் லாகுகளைச் சேர்த்து வைக்கும் சிஸ்லாக் சர்வர் போட்டு, ரவுட்டர், ஸ்விட்ச், ரேடியோ எல்லாவற்றின் லாகும் அங்கே போகும்படி செய்யுங்கள். எல்லாக் கருவிகளும் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) மூலம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி, உங்களைப் போன்ற நிறுவனங்கள் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு கடிகாரத்தைப் பொருத்தவும், லாகை 180 நாள் இந்தியாவுக்குள் சேமித்து வைக்கவும் கடமைப்பட்டவை. ஆகவே இது எப்படியும் செய்தே தீர வேண்டிய வேலை.

9 விநாடி என்ன செய்தது

தம்பியைத் திட்டாதீர்கள், பலரும் செய்வதுதான். ஹோல்டு டைம் குறைந்தால் மாற்று வழிக்கு வேகமாகப் போகலாம் என்பது கணக்குப்படி சரி. ஆனால் செஷன் தொடங்கும்போது இரண்டு பக்கமும் தங்கள் ஹோல்டு டைமைச் சொல்லும். இரண்டில் சிறியதுதான் இருவருக்கும் அமலாகும். எதிர்ப்பக்கம் 180 வைத்திருந்தாலும் பயனில்லை, இப்போது இரண்டு பேருக்கும் 9தான். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் கீப்அலைவ் செய்தியின் இடைவெளி வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 விநாடிக்கு ஒன்று.

பிஜிபி ஓடுவது டிசிபி (பாக்கெட்டுகளை வரிசை தவறாமல் கொண்டுசேர்க்கும் முறை) 179-ஆம் போர்ட்டில். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி திரும்ப அனுப்பும். அதுவும் தொலைந்தால் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும், பிறகு நான்கு மடங்கு. முன்னால் போன பாக்கெட் வந்து சேரும் வரை, பின்னால் வந்த கீப்அலைவ்கள் வாசலில் நின்றாலும் பிஜிபியிடம் போகாது. லிங்க் நிரம்பி வழியும் நேரத்தில் இந்தக் காத்திருப்பிலேயே 9 விநாடி கரைந்துவிடும். 180 விநாடி இருந்தால் டிசிபி தட்டுத்தடுமாறியாவது கரை சேர்ந்துவிடும். 9 வந்த பிறகு விழுவது கூடியதற்குக் காரணம் இதுதான்.

ஹோல்டு டைமை 180-க்கும் கீப்அலைவை 60-க்கும் திரும்பக் கொண்டுபோங்கள். அவ்வளவு நேரம் மனம் கேட்கவில்லை என்றால் 90-க்கும் 30-க்கும் வையுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். செஷன் ஒருமுறை அறுந்து மீண்டும் வந்தால்தான் புது மதிப்பு அமலாகும். எனவே அதிகாலையில், அப்ஸ்ட்ரீம் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அப்படியானால் மாலையில் ஏன் விழுகிறது

180 வைத்திருந்தபோதும் விழுந்ததே என்று கேட்பீர்கள். லாகில் யார் கையை விட்டார்கள் என்று பாருங்கள். உங்கள் ரவுட்டரே "ஹோல்டு டைமர் எக்ஸ்பயர்டு" என்று எழுதி, செஷனை முறிக்கும் நோட்டிபிகேஷனை அனுப்பியிருந்தால், உங்களுக்கு அவர்கள் குரல் கேட்கவில்லை என்று பொருள். அதே செய்தி அவர்களிடமிருந்து வந்திருந்தால், உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. இந்தத் திசை தெரியாமல் எங்கே தேடினாலும் வீண். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகை. அதாவது அவர்களிடமிருந்து உங்களுக்கு வரும் திசை, டவுன்லோடு. இரவு ஏழிலிருந்து பத்து வரை ஊரே வீடியோ பார்க்கும் நேரமும் அதுதான்.

உங்கள் கிராஃப் 1.7 ஜிபிபிஎஸ் காட்டலாம். அது 5 நிமிடச் சராசரி. அதற்குள் பத்து, இருபது விநாடி முழு 2 ஜிபிபிஎஸும் முட்டி நின்றிருந்தால் சராசரியில் தெரியாது. 10ஜி போர்ட்டில் 2 ஜிபிபிஎஸ் கொடுக்கிறார்கள் என்றால் நடுவில் எங்கோ ஒரு போலீஸர் (வேக வரம்பை அமல்படுத்தும் அமைப்பு) உட்கார்ந்திருக்கிறது. அளவு தாண்டியதும் அது யாருடைய பாக்கெட் என்று பார்க்காமல் வெட்டும். 19 பைட் கீப்அலைவும் அதில் போகும்.

இதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. அவர்களிடம், உங்கள் விஎல்ஏஎனில் (உங்களுக்கென்று பிரித்த தனித் தடம்) போலீஸர் வெட்டிய பாக்கெட் எண்ணிக்கையை மாலை 6 மணிக்கும் 11 மணிக்கும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டிஎஸ்சிபி 48 என்ற முன்னுரிமைக் குறி கொண்ட ரவுட்டிங் பாக்கெட்டைத் தனி கியூவில் விடச் சொல்லுங்கள். லாஸ்ட் மைல் (உங்கள் இடம் வரை வரும் கடைசிப் பகுதி) வேறொருவருடைய ஸ்விட்ச் வழியாக வந்தால் அங்கேயும் இதே கேள்வி. உங்கள் பக்கத்தில், வாடிக்கையாளரை நோக்கிப் போகும் மொத்த டிராஃபிக்கை 1.9 ஜிபிபிஎஸுக்கு மேல் போகாதபடி ஷேப் செய்யுங்கள். அப்போது நெரிசல் உங்கள் ரவுட்டருக்குள் ஏற்படும், அனுப்புகிறவர்கள் தாமாக வேகத்தைக் குறைப்பார்கள், மேலே இருக்கும் போலீஸர் பெரும்பாலும் சும்மா இருக்கும். யூடிபி வெள்ளம் போன்ற தாக்குதல் வந்தால் இது காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கணக்கில் பார்த்து 1.9-இல் தினமும் முட்டுகிறது என்றால் உங்களுக்குத் தேவை ரவுட்டரல்ல, கூடுதல் பேண்ட்விட்த்.

"மாலையில் பேக்கப் செஷன் விழவில்லை, அதனால் எங்கள் ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கடிதத்தின் நடுவில், நான் சுருக்கியதில் விட்டுப்போன ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு சரியில்லை. பேக்கப்பின் ஹோல்டு டைம் இன்னும் 180. உங்கள் ரவுட்டர் 20 விநாடி திணறினாலும் அந்த செஷன் தாங்கிவிடும், 9 விநாடி செஷன் தாங்காது. இரண்டையும் 180-இல் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்பிட முடியும்.

ஃபைபரையும் ஒரு பார்வை பாருங்கள். 10ஜி எல்ஆர் மாட்யூலுக்கு வரும் ஒளி மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே போனால் படிக்க முடியாது. மைனஸ் 11-க்குக் கீழே இறங்கினாலே சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் கார்டில் பச்சை நிறத் தலையை நீல நிற அடாப்டரில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பச்சை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. இரண்டும் சேர்ந்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். அவசரத்துக்கு இருப்பதைச் செருகிவிட்டுப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எஃப்சிஎஸ் எரர் (சிதைந்து வந்த பாக்கெட்) எண்ணிக்கை ஒரு நாளில் ஏறியிருந்தால் பேட்ச் கார்டு, மாட்யூல் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள்.

லாகில் வேறு காரணம் வந்தால் இப்படிப் படியுங்கள்:

- "சீஸ்" என்று வந்தால் எதிர்ப்பக்கம் தெரிந்தே துண்டித்திருக்கிறது. துணை எண் 1 என்றால் அவர்கள் அனுமதித்த அளவுக்கு மேல் நீங்கள் ரூட் அனுப்பிவிட்டீர்கள். பெரும்பாலும் அவுட் ஃபில்டர் விட்டுப்போய், ஒரு கம்பெனியின் ரூட்டை இன்னொன்றுக்குக் கசியவிட்டிருப்பீர்கள். 2 என்றால் அவர்கள் ஷட் செய்தது, 4 என்றால் ரீசெட்.
- செஷன் ஏறி, ஹோல்டு டைம் முடிந்ததும் விழுந்து, மறுபடி ஏறி, அதே இடைவெளியில் விழுந்தால் காரணம் எம்டியு (ஒரு பாக்கெட்டுக்கு அனுமதித்த அதிகபட்ச அளவு). சிறிய பாக்கெட் போகிறது, ரூட் பட்டியலைத் தூக்கி வரும் பெரிய பாக்கெட் போகவில்லை. துண்டாக்காதே என்ற கட்டளையோடு பிங் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் அளவு 1472, மைக்ரோடிக்கில் 1500. பதில் வராவிட்டால் நடுவில் உள்ள ஸ்விட்ச்சில் எம்டியு குறைவு. உங்களுக்கு இது இப்போது இல்லை, லாஸ்ட் மைல் மாற்றும் நாளில் வரும்.
- எந்தக் காரணமும் இல்லாமல் இன்டர்ஃபேஸ் டவுன் என்று மட்டும் வந்தால் பிஜிபியைப் பார்க்கவே வேண்டாம், கேபிளைப் பாருங்கள்.

கரண்ட் வந்ததும் வரும் வெள்ளம்

ஏரியா முழுக்கக் கரண்ட் வந்ததும் எல்லா வீட்டு ஓஎன்யுவும் (ஃபைபர் மோடம்) ஒரே நிமிடத்தில் பிபிபிஓஇ கேட்டு வரும். ஒவ்வொரு வீடும் உள்ளே வரும்போது ரவுட்டரில் ஒரு /32 ரூட் (ஒரே ஒரு முகவரிக்கான வழி) பிறக்கிறது. ஓஎஸ்பிஎஃப்பில் "ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட்" போட்டிருந்தால் அந்த ஒவ்வொரு /32-உம் ஓர் அறிவிப்பாகி மலை வரைக்கும் போகும். ரிசார்ட்டுக்குப் போகும் ரவுட்டருக்கு, டவுனில் யார் வீட்டில் மோடம் ஆன் ஆனது என்ற விவரம் எதற்கு? அதை எடுத்துவிடுங்கள். பிபிபிஓஇ பூல் முழுவதற்கும் ஒரே ஒரு பிளாக்ஹோல் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும், எப்போதும் விழாத வழி) எழுதி, அதை மட்டும் அறிவியுங்கள். பிஜிபியில் வெளியே சொல்லும் /24-க்கும் அப்படியே ஒரு பிளாக்ஹோல் ரூட் இருக்கட்டும். உள்ளே யார் விழுந்தாலும் எழுந்தாலும் வெளியுலகத்துக்கு /24 அசையாமல் நிற்கும்.

அடுத்தது சிபியு. மொத்தம் 30 சதவீதம் என்று காட்டினால் நிம்மதி அடையாதீர்கள், கோர் வாரியாகப் பாருங்கள். பல கோர் கொண்ட ரவுட்டரில் ஒன்று மட்டும் 100-இல் சிக்கி மற்றவை தூங்கலாம். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 6-இல் ரவுட்டிங் வேலை ஒரே கோரில்தான் நடக்கும். 7-இல் பல கோர்களுக்குப் பிரியும். முழு இன்டர்நெட் ரூட் பட்டியலையும் இரண்டு கம்பெனியிடமும் வாங்குகிறீர்களா? ஐபிவி4 மட்டுமே 10 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. ஒன்று முதன்மை, ஒன்று பேக்கப் என்று வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டிலும் டிஃபால்ட் ரூட் (வெளியே எங்கே போனாலும் இந்த வழி என்ற ஒரே வரி) மட்டும் போதும். அப்ஸ்ட்ரீமிடம் ஒரு மெயிலில் கேட்டால் மாற்றித் தருவார்கள், பாதிப் பாரம் அன்றே இறங்கிவிடும்.

நாட்டும் அதே ரவுட்டரில் இருப்பதால் கனெக்‌ஷன் டிராக்கிங் பட்டியல் (நடப்பிலுள்ள இணைப்புகளின் கணக்கு) நிரம்பினால் பிஜிபி பாக்கெட்டும் சேர்ந்து அடிபடும். 179-ஆம் போர்ட்டில் இரண்டு அப்ஸ்ட்ரீம் முகவரிகளுக்கு மட்டும் ரா டேபிளில் நோட்ராக் விதி (அந்தப் பட்டியலில் சேர்க்காதே என்ற கட்டளை) எழுதுங்கள். அந்த விதியைப் போட்டபின், ஃபயர்வாலின் இன்புட் செயினில் அதே முகவரிகளுக்கு வெளிப்படையான அனுமதியும் வேண்டும். பட்டியலில் ஏற்கெனவே உள்ள இணைப்பை அனுமதிக்கும் எஸ்டாப்ளிஷ்டு விதியை மட்டும் நம்பியிருந்தால் செஷன் ஏறவே ஏறாது.

பனி குற்றவாளி இல்லை

5.8 கிகாஹெர்ட்ஸைப் பனிமூட்டம் தடுப்பது கிட்டத்தட்ட இல்லை. கனமழையில்கூட 14 கிலோமீட்டருக்குச் சில டெசிபெல்தான் குறையும். பனி வரும் காலையில் வேறு என்னவெல்லாம் நனைகிறது என்று பாருங்கள். மலை விளிம்பிலிருக்கும் உங்கள் மாஸ்ட்டுக்கு முன்னால் காப்பித் தோட்டம், அதன் நிழலுக்கு சில்வர் ஓக். அந்த மரம் வேகமாக வளரும். லிங்க் போட்ட வருடம் கண்ணுக்குத் தெளிவாகச் சேலம் தெரிந்திருக்கும், இப்போதும் தெரியலாம். ஆனால் ரேடியோவுக்குக் கண்பார்வை மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து 200 மீட்டர் தூரத்தில் அலை எடுத்துக்கொள்ளும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 3.2 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது சுமார் 1.9 மீட்டர், பார்வைக் கோட்டைச் சுற்றிக் காலியாக இருக்க வேண்டும். காய்ந்த இலை கொஞ்சம்தான் தடுக்கும், நனைந்த இலை நிறையத் தடுக்கும். அதனால்தான் பனியன்று விழுகிறது, பத்து மணி வெயிலில் சரியாகிறது.

மரத்தின் மேல் கை வைக்காதீர்கள். மலைப்பகுதியில் அனுமதி விவகாரம் பெரிது, மரமும் உங்களுடையதல்ல. எஸ்டேட்காரரும் உங்கள் வாடிக்கையாளர் என்பதால், அவர் வழக்கமாக நிழல் கழிக்கும் பருவத்தில் அந்த நான்கைந்து மரங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். அதைவிட நல்லது மாஸ்ட்டை இரண்டு மூன்று மீட்டர் உயர்த்துவது.

அதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ரேடியோவின் பக்கத்தில் இரண்டு எண்ணிக்கை இருக்கும்: வயர்லெஸ் இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது, ஈதர்நெட் போர்ட் எத்தனை தடவை விழுந்தது. வயர்லெஸ் நாட்கணக்கில் நிற்க, ஈதர்நெட் மட்டும் விழுந்தால் அல்லது 1000-லிருந்து 100-க்கு இறங்கினால், ஆர்ஜே45-க்குள் ஈரம் போயிருக்கிறது. குரங்கு இழுத்துத் தளர்த்திய கேபிளாகவும் இருக்கலாம், ஏற்காட்டில் இது கற்பனை இல்லை. பின்னில் பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதுத் தலை போடுங்கள். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

லிங்க் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போய் வருகிறது என்றால், ரேடார் தென்பட்டால் விலகிவிட வேண்டிய டிஎஃப்எஸ் சேனலில் இருக்கிறீர்கள். சேனல் மாறியதும் 60 விநாடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். ஓஎஸ்பிஎஃப்பின் டெட் டைம் (எதிர்ப்பக்கத்தின் ஹலோ பாக்கெட்டுக்குக் காத்திருக்கும் நேரம்) 40 விநாடி என்பதால் கட்டாயம் விழும். 5725 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சேனலுக்குப் போங்கள்.

பிஎஃப்டியைப் பற்றி: 100 மில்லி விநாடி, மூன்று தடவை என்றால் 0.3 விநாடியில் லிங்க் செத்ததாக அறிவிப்பீர்கள். ரேடியோ ஒருமுறை மாடுலேஷன் (சிக்னலுக்கேற்ற வேக முறை) மாற்றினாலே அவ்வளவு நேரம் ஆகலாம். அதோடு, மலைக்கு உங்களுக்கு இருப்பது ஒரே வழி. செத்தது சீக்கிரம் தெரிந்து எங்கே திருப்பப்போகிறீர்கள்? பிஎஃப்டியை எடுத்துவிடுங்கள். உண்மையில் ஓஎஸ்பிஎஃப்பே அங்கே தேவையில்லை, இரண்டு பக்கமும் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போதும். நாளை இரண்டாவது லிங்க் போடும் எண்ணமிருந்து ஓஎஸ்பிஎஃப்பை வைத்துக்கொள்வதானால், ஹலோ பாக்கெட் மல்டிகாஸ்ட்டில் (பலருக்கும் பொதுவாக) போகாமல் நேரடி முகவரிக்குப் போகும்படி என்பிஎம்ஏ வகையில் அமையுங்கள். பல ரேடியோக்கள் மல்டிகாஸ்ட்டைத் திரும்ப அனுப்புவதில்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். நேர அளவுகள் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெய்பரே ஆகாது.

ஒப்பந்தத்தை முறிப்பது பற்றி

ஷரத்துகளை வக்கீலிடம் காட்டுங்கள், அது என் துறை அல்ல. ஆனால் இன்றைய நிலையில் நீங்கள் புகார் கொடுத்தால் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது, உங்கள் பக்கத்திலிருந்து வந்த 9 விநாடியைத்தான். அதைச் சரிசெய்து இரண்டு வாரம் லாக் சேர்த்த பிறகு கேளுங்கள். லிங்க் டவுன் நேரத்தை மட்டும் சேவைக் குறைவாகக் கணக்கிட்டு, செஷன் விழுவதைச் சேர்க்காத ஒப்பந்தங்கள் உண்டு. உங்களுடையதில் எப்படி என்று படித்துப் பாருங்கள். புகாரில் நேரம் விநாடியோடு, இரு முனை முகவரி, நோட்டிபிகேஷன் யார் அனுப்பியது, அந்த நிமிடத்து டிராஃபிக், ஒளி அளவு, எரர் எண்ணிக்கை இருக்கட்டும். டிக்கெட் எண்ணும், காரணத்தை எழுத்திலும் கேளுங்கள். "அடிக்கடி போகிறது, உடனே சரி செய்யவும்" என்ற மெயிலுக்கு "எங்கள் பக்கம் சரியாக உள்ளது" என்ற பதில்தான் வரும்.

அதுவரை, பதட்டத்தில் செஷனைக் கிளியர் செய்துகொண்டே இருக்காதீர்கள். சில நெட்வொர்க்குகளில் டாம்பனிங் (அடிக்கடி விழுந்து எழும் ரூட்டைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கும் முறை) இருக்கும். சிஸ்கோவின் இயல்பு அளவுப்படி ஒவ்வொரு முறை ரூட் விழும்போதும் 1000 புள்ளி ஏறும், 2000-ஐத் தாண்டினால் உங்கள் /24-ஐ ஒதுக்கிவைத்துவிடுவார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி பாதியாகி, 750-க்குக் கீழே வந்தால்தான் திரும்பச் சேர்ப்பார்கள். உங்கள் பக்கம் எல்லாம் பச்சையாக இருக்க, ஏதோ ஒரு வங்கி ஆப் மட்டும் அரை மணி நேரம் திறக்காமல் போவதற்கு இப்படியும் காரணம் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் மாலையில் ஏதாவது ஒரு கோர் 80 சதவீதத்துக்கு மேல் நின்றால், அப்போது செலவழியுங்கள். அப்போதும் நான்கு லட்சம் வேண்டாம். பிபிபிஓஇக்கும் நாட்டுக்கும் மட்டும் இன்னொரு நடுத்தர ரவுட்டர் வாங்கி, இப்போது இருப்பதை பிஜிபிக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வீடுகள் மொத்தமாகத் திரும்பி வரும் பாரம் அந்த இரண்டாவது பெட்டியோடு நின்றுவிடும், அப்ஸ்ட்ரீம் செஷன்களைத் தொடாது.